எங்கள் வீட்டு ஐந்தரைக் கட்டை

அந்தக் கீபோர்டில் சத்தமே வராது என்பது, அது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஓய்வு பெற்ற எனக்குப் பொழுது போக வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது அது. முழங்கை நீளம், கம்ப்யூட்டரில் சொருக ஒரு ஒயர். நான் ஒரு வாரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டைகளை அமுக்கிக்கொண்டே இருந்தேன். திரையில் இசை மென்பொருளின் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கும். காதில் ஒன்றும் விழாது. கடைசியில் மகனுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, அதுக்குள்ள சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தி அமுக்குனீங்கங்கிற தகவலை மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதுக்குப் பேர்தான் மிடி. நீங்கதான் அதை ஒரு டிராக்குக்கு அனுப்பி, அந்த டிராக்கில ஒரு வாத்தியத்தை வைக்கணும்."

ரயில்வேயில் நான் பார்த்த வேலை, எந்த வண்டியை எந்தத் தடத்தில் விடுவது என்று சேலம் சூரமங்கலத்தில் உட்கார்ந்து தீர்மானிப்பது. முப்பது வருடத்துக்கும் மேல் பார்த்தேன். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் சரக்கு வண்டியை எங்கே ஒதுக்கி நிறுத்தி எதை முன்னால் அனுப்புவது என்பது எனக்குக் கை வந்த கலை. அப்படிப்பட்டவனால் ஒரே ஒரு ஸ்வரத்தை மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்கு அனுப்ப முடியவில்லை. என் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இத்தன வருசமும் வண்டியெல்லாம் நீங்க அனுப்பித்தான் போச்சுங்களா, அதுவா போச்சுங்களா?"

அவளுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்த வீடு. மரியாதையில் ஒரு 'ங்க' குறையாது. அந்த 'ங்க'வுக்குள்ளேயே கத்தியை மடித்து வைத்திருப்பாள்.

எப்படியோ கற்றுக்கொண்டேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு டிராக்கில் ஆர்மோனியமும் இன்னொன்றில் தம்புராவும் வைத்துவிட்டேன். தம்புராவின் ஸ்வரங்களை ஒருமுறை வாசித்துப் பதிந்துவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். மேலே நான் ஆர்மோனியம் வாசிக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதியில், அதாவது கறுப்பைத் தொடாமல் வெள்ளையிலேயே சரிகமபதநி முடிந்துவிடுமே, அதில் கற்றுக்கொண்டது. அதற்கு மேல் கை போகவில்லை. ஆனால் அந்த மென்பொருளில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் ஒரு எண்ணைப் போட்டால் போதும், நான் எந்தக் கட்டையை அமுக்கினாலும், கறுப்பையும் சேர்த்து எண்ணி அத்தனை கட்டை தள்ளி ஒலிக்கும். என் விரல் வெள்ளையிலேயே இருக்கும், பாட்டு எந்த சுருதியில் வேண்டுமோ அங்கே போய்விடும். ஒரு நவராத்திரிக்குக் கம்ப்யூட்டரையும் கூடவே தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் வாசித்தேன். ஒருத்தி உயரமாக ஆறு கட்டையில் பாடினாள், ஒரு பெரியவர் தாழ்வாக ஒன்றரையில் பாடினார். இரண்டுக்கும் சளைக்காமல் வாசித்தேன். "எந்தக் கட்டையில கேட்டாலும் விரல் நிக்காம ஓடுது" என்று பேச்சு கிளம்பியது. விரல் ஏன் நிற்க வேண்டும்? அது போகிற இடம் ஒன்றுதானே! நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன். மனைவியிடமும் விளக்கம் சொல்லவில்லை.

அவள்தான் உண்மையில் பாடத் தெரிந்தவள். வெள்ளிக்கிழமை பஜனைக் கோஷ்டியில் பதினைந்து வருடமாகப் பாடுகிறாள். அவள் சுருதி ஐந்தரைக் கட்டை. ரேஷன் அட்டை எண்ணை மறந்தாலும் அதை மறக்க மாட்டாள். யாராவது ஐந்தில் ஆரம்பித்தால் "அஞ்சரைங்க" என்று நிறுத்திவிடுவாள். வீட்டில் அவளுக்காக நான் வாசிக்கும்போது பெட்டியில் மைனஸ் நான்கு என்று போட்டு வைத்திருப்பேன். மேல் ஸ்தாயி ஒரு கட்டையிலிருந்து நாலு கட்டை இறங்கினால் ஐந்தரை; வெள்ளையில் வாசித்தால் ஐந்தரையில் ஒலிக்கும் கணக்கு அது.

போன வருடம் அவளுக்குத் தைராய்டு கட்டி என்று ஆபரேஷன் ஆயிற்று. கட்டி சாதாரணமானதுதான். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், குரல் சில மாதம் கரகரப்பாக இருக்கும், பிறகு தேறும், சிலருக்குக் கொஞ்சம் இறங்கியே நின்றுவிடும் என்று. மூன்று மாதம் அவள் பாடவே இல்லை. கோஷ்டிக்கும் போகவில்லை. கேட்டு வந்தவர்களிடம் கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்து அனுப்பிவிடுவாள்.

நான்காம் மாதம் ஒருநாள் காலையில், நான் ஆர்மோனியம் தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து பாயில் உட்கார்ந்தாள். ஒரு முருகன் பாட்டு. கீழே நடக்கிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, பிறகு வெறும் காற்றாகிவிட்டது. இன்னொரு தடவை முயன்றாள். மறுபடியும் காற்று. எழுந்து போய் மிக்ஸியில் தேங்காயைப் போட்டு அரைக்க ஆரம்பித்தாள். சட்னி எப்போதோ அரைபட்டிருக்கும். மிக்ஸி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் நான் செய்த காரியம் யோசித்துச் செய்ததல்ல. அவள் பாயில் உட்கார்வதற்கு முன், பெட்டியில் இருந்த மைனஸ் நான்கை மைனஸ் ஐந்து ஆக்கினேன். ஒரே ஒரு அரைக்கட்டை இறக்கம். அவள் வாயைத் திறந்தாள், உடனே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, பல்லெல்லாம் கூசுதுங்க! என்ன பண்ணுனீங்க?"

ஆர்மோனியத்தை மட்டும் இறக்கிவிட்டு, தனி டிராக்கில் சுற்றிக்கொண்டிருந்த தம்புராவை மறந்துவிட்டேன். ஒன்று ஐந்தில், இன்னொன்று ஐந்தரையில். ஒரே தடத்தில் எதிரெதிராக இரண்டு வண்டியை விட்ட மாதிரி.

"ஒண்ணுமில்லம்மா, ஸ்பீக்கர் ஒயர் லூசு" என்று சொல்லி, ஒயரைக் கழற்றி ஊதி மாட்டினேன்.

அன்று மத்தியானம் அவள் படுத்திருந்தபோது வழியை மாற்றினேன். கீபோர்டிலிருந்து வருவது நேராக வாத்தியத்துக்குப் போகாமல், முதலில் டிரான்ஸ்போஸ் பெட்டி மட்டும் உள்ள ஒரு வெற்று டிராக்குக்குப் போக வேண்டும். பதிந்து வைத்த தம்புரா ஸ்வரங்களும் அங்கேதான் வர வேண்டும். அங்கிருந்துதான் ஆர்மோனியத்துக்கும் தம்புராவுக்கும் பிரிய வேண்டும். இனி ஒரு எண்ணை மாற்றினால் எல்லாம் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். ஒருவருக்கும் பல் கூசாது. ரயில்வேயில் இருந்தபோதுகூட அவ்வளவு கச்சிதமாக நான் ஒரு வேலையைச் செய்ததில்லை. உண்மையான ஐந்தரையைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரு பழைய சுருதிப் பெட்டி வீட்டில் இருந்தது. அதையும் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். கம்ப்யூட்டரிலேயே தம்புரா இருக்கும்போது அது எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்று நானாகவே ஒரு காரணமும் சொன்னேன். அவள் காரணம் கேட்கவே இல்லை.

மறுநாள் பாடினாள். மேலே ஏறும்போது குரல் நடுங்கியது, ஆனால் உடையவில்லை.

"இன்னைக்குக் கொஞ்சம் தேவலையாட்டம் இருக்குதுங்க."

"ஆமா, எனக்கும் அப்படித்தான் பட்டுது."

சுருதியை விட்டு ஒரு ஸ்வரம் விலகினால் அவள் காது பிடித்துவிடும். சுருதியே மொத்தமாக இறங்கினால் காதுக்குத் தெரிவதில்லை, தொண்டைக்குத்தான் தெரியும். தொண்டையோ அப்போது எதையும் நம்பத் தயாராக இருந்தது. இரண்டு வாரம் கழித்து மைனஸ் ஆறு. அடுத்த மாதம் மைனஸ் ஏழு. அதில் அவள் குரல் எங்கும் இடறவே இல்லை. அது நாலு கட்டை. மேலே போய் நின்று, ஒரு சுற்று சுற்றி, நிதானமாக இறங்கி வந்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. என் விரல்கள் அன்றும் அதே வெள்ளைக் கட்டைகளில்தான் இருந்தன. அவள் பார்த்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது. திரையில் எண் எறும்பு அளவு, அவளோ கண்ணாடி போடாமல் பாடுகிறவள்.

இதில் நான் எதிர்பார்க்காத விளைவுகளும் உண்டு. குரல் திரும்பியதற்குக் காரணம், தான் தினமும் குடித்த பனங்கற்கண்டு மிளகுக் கஷாயம்தான் என்று அவள் முடிவு செய்தாள். எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் குரல் நல்லாயிருக்கும்போதே அதைக் குடிக்க ஆரம்பித்தார்கள். டாக்டரிடம் போனபோது, "பழையபடி அஞ்சரையே வந்துருச்சுங்க சார்" என்றாள். அவருக்குச் சங்கீதம் தெரியாது. "வெரி குட்" என்றார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த தொண்டைப் படத்தைக் கவனமாகப் படித்தேன்.

சொல்லியிருக்கலாம். தினமும் சொல்ல நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். தினமும் அவள் பாடி முடித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை. டாக்டர் செய்யாததை ஒரு மௌஸ் கிளிக்கில் செய்துவிட்டேனே.

அப்புறம் பள்ளிபாளையத்தில் அவள் தங்கையின் புதுவீடு பால் காய்ச்சுதல் வந்தது. "அக்கா, நீ வந்து நாலு பாட்டுப் பாடோணும், ஆர்மோனியத்துக்கு ஆள் சொல்லியாச்சு" என்று தங்கை போன் செய்தாள். மனைவி ஒத்துக்கொண்டுவிட்டு எனக்குச் சொன்னாள்.

"ஆர்மோனியம் எதுக்கு? நான் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் எடுத்துட்டு வர்றேன்."

"விசேச ஊட்டுக்குப் பொட்டி படுக்கையெல்லாம் தூக்கிட்டுப் போவாங்களா? சும்மா வாங்க."

"சரி, அங்க நாலு கட்டையில பாடேன். மூணு நாலு பாட்டுப் பாடோணுமே, தொண்டைக்கு இதமா இருக்கும்."

"எதுக்குங்க? கொரலுதான் வந்துருச்சே!"

சேலத்திலிருந்து ஈரோட்டு பஸ்ஸில் போனோம். சங்ககிரி தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்தேன். அவள் ஜன்னலோரம் வாய்க்குள் பாடிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சங்ககிரி தாண்டியாயிற்று.

புதுவீட்டில் பெயிண்ட் வாசனை போகவில்லை. பால் காய்ச்சி, இட்லியும் கேசரியும் சாப்பிட்டு முடித்த முப்பது நாற்பது பேர் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்மோனியக்காரர் வெண்ணந்தூர்க்காரர், நூல் வியாபாரம் பார்க்கிறவர், அறுபது வயதிருக்கும். விசேஷ வீடுகளில் ஆசைக்கு வாசிப்பாராம். பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"கட்டை என்னங்கம்மா?"

"அஞ்சரைங்க."

அவர் துருத்தியை இழுத்தார். அது மரமும் பித்தளையும் காற்றும் கொண்ட நிஜ ஆர்மோனியம். அதில் எண் போட ஒரு பெட்டியும் இல்லை. அவள் அதே முருகன் பாட்டை எடுத்தாள். முதல் அடியிலேயே அவள் புருவம் லேசாகச் சுருங்கியதைப் பார்த்தேன். வழக்கமாக உட்காரும் நாற்காலியை யாரோ உயரம் கூட்டி வைத்துவிட்ட மாதிரி ஒரு முகம். இரண்டாம் அடி. மேலே ஏறினாள். குரல் பிளந்து காற்றாகிவிட்டது.

பின்வரிசையில் ஒரு குழந்தை "அப்புறம்?" என்றது.

வெண்ணந்தூர்க்காரர் வாசிப்பதை நிறுத்தவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெதுவாகச் சொன்னார்.

"காலங்காத்தால யாருக்குமே தொண்டை தெறக்காதுங்கம்மா. நாலுல சித்த பாடிப் பாருங்க. புடிக்கலைன்னா மேல போயிக்கலாம்."

விரலை நகர்த்தி நாலு கட்டையைப் பிடித்தார். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மறுபடி எடுத்தாள். மேலே போனாள், நின்றாள், ஒரு சுற்று சுற்றி நிதானமாக இறங்கினாள். வீட்டில் தினமும் பாடுகிற அதே பாட்டு, அதே இடங்களில் அதே சுகம். கைதட்டினார்கள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி யாரையும் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி, மூன்றாவது வரிசையில் இருந்த என்னை மட்டும் பார்த்தாள். தொண்டை கண்டுபிடித்துவிட்டது.

இன்னும் மூன்று பாட்டு பாடினாள். எல்லாம் நாலு கட்டையில். சாப்பாடு முடித்து, தாம்பூலப் பை வாங்கி, பஸ் ஏறி, சூரமங்கலத்தில் இறங்கினோம். வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

"காட்டுங்க."

காட்டினேன். திரைக்கு மிக அருகில் போய் அந்தச் சின்னப் பெட்டியைப் படித்தாள்.

"மைனஸ் ஏழு. ஆபரேசனுக்கு முன்னால என்ன இருந்துச்சு?"

"மைனஸ் நாலு."

"அப்ப நான் நல்லாப் பாடுனப்பவே மைனஸுங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. அது உன் மைனஸ் இல்லை, என் மைனஸ் என்று ஆரம்பித்து, வெள்ளைக் கட்டை, டிரான்ஸ்போஸ், நவராத்திரி எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப, எந்தக் கட்டையில கேட்டாலும் வாசிக்கிறாருன்னு ஊரெல்லாம் சொன்னது?"

"ஒரே கட்டைதான்."

"கறுப்பு?"

"தொட்டதில்ல."

அவள் சிரித்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தப்பித்துவிட்டோம் என்று நானும் கூடச் சிரித்தேன். உடனே நிறுத்திவிட்டாள்.

"கொரலு எறங்கலாமுன்னு டாக்டரு சொன்னாரு. எறங்குனா எறங்கீட்டுப் போவுது, இனி இதுதான்னு நான் மனச ஆத்திக்கிட்டேன். நீங்கதான் திரும்பி வந்துருச்சுன்னு சொன்னீங்க."

"நான் சொல்லவே இல்லையே."

"சொல்லலீங்க. வாசிச்சீங்க."

திரையில் அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "போனது என்ற கொரலுங்க. அது எவ்வளவு போச்சுன்னு உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. இது என்ன நியாயம்?" என்றாள். குரலில் கோபம்கூட அதிகம் இல்லை. அதுதான் உறைத்தது. மன்னித்துக்கொள் என்றேன். எழுந்து போய் சேலையை மாற்றினாள்.

இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவள் இனி நாலு கட்டைதான். நானும் நாலு கட்டைதான், ஆனால் என் விரலால். பெட்டியில் பூஜ்ஜியம் இருக்க வேண்டும். தினமும் பாயில் உட்காருமுன் கண்ணாடி போட்டுத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்வாள். நாலு கட்டையில் அந்த முருகன் பாட்டுக்கு ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான் வரும். அந்த ஒன்று என்னை மூன்று மாதம் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. வெள்ளைக்கே பழகிய விரல், அந்த இடம் வந்ததும் பக்கத்து வெள்ளையில் போய் விழும். அவள் பாடுவதை நிறுத்தாமலே கையை மட்டும் நீட்டிக் கறுப்பைச் சுட்டுவாள். "இப்பத்தான ஆரம்பிச்சிருக்கீங்க, தேறிக்கும்" என்று ஆறுதல் சொல்வாள். பனங்கற்கண்டுக் கஷாயம் ஒரு டம்ளர் எனக்கும் வரும்.

வெள்ளிக்கிழமைக் கோஷ்டிக்கு அவள் திரும்பப் போனாள். போன அன்று ஆர்மோனியம் வாசிக்கும் அம்மாவிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கு இனி நாலுங்க, அஞ்சரை போச்சு" என்றாளாம். பிறகு கோஷ்டித் தலைவியம்மா, எழுபதைத் தொட்டவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கே ரெண்டு வருசமா அஞ்சரை எட்டறதில்ல. உங்களுக்காகத்தான் வாயசைச்சுட்டு இருந்தேன்" என்றாராம். இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்கினார்களாம். அந்த வாரத்திலிருந்து கோஷ்டியே நாலு கட்டைக்கு இறங்கிவிட்டது.

இப்போது நானும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். ஆர்மோனியம் வாசித்த அம்மா மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டதால் அந்த இடம் எனக்கு. போன வாரம் கோஷ்டிக்குப் புதிதாக வந்த ஒரு பெண், பஜனை முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"சார், நீங்க எந்தக் கட்டையில கேட்டாலும் வாசிப்பீங்கன்னு சொன்னாங்க. என் பொண்ணு ஆறு கட்டையில பாடும். அடுத்த மாசம் ஸ்கூல் ஆண்டு விழா, நீங்க வாசிக்கோணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி ஜால்ராவைப் பைக்குள் போட்டுக்கொண்டே முந்திக்கொண்டாள்.

"அவரு இப்ப நாலுல மட்டுந்தானுங்க வாசிக்கிறாரு. சாமிக்கு வேண்டிக்கிட்டு விரதமாட்டம் இருக்கறாரு. யாரு கேட்டாலும் மாத்த மாட்டாரு."

அந்தப் பெண் பக்தியோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கண்ணை மூடித் தலையசைத்தேன்.